வீடெல்லாம் மணத்தால் பானையில் என்ன மிஞ்சும்?

அங்கம்மாள் என்னிடம் பேசிய முதல் பேச்சே என் சோப்பைப் பற்றியதுதான். என் கையை மணிக்கட்டோடு பிடித்து மூக்கருகே கொண்டுபோய், "சோப்பை மாத்திட்டீங்களா இத்தா? போன வாரம் வாசல்ல கடந்து போனப்போ வேப்பெண்ணெய் வாசம். இன்னைக்கு எலுமிச்சை" என்றாள்.

மாற்றியிருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்த நோயாளிக்குத் தோல் அரிப்பு வந்ததால் இரண்டு நாள் முன்புதான் மாற்றினேன். அந்த வீட்டில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு வீடு அது. நான் அங்கே ஹோம் நர்ஸ்; முஸ்லிம் அக்காவை அந்தப் பக்கம் இத்தா என்பார்கள். அவள் சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் புதிதாக வந்தவள். இதில் வரும் பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன். காரணம் சீக்கிரமே தெரியும்.

அங்கம்மாளின் அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து சுமை தூக்க வந்தவர். அவள் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் ஆனது எல்லாம் மட்டாஞ்சேரியில். பேசுவது தமிழ், படிப்பது மலையாளம். கணவர் அழகர் தோப்பும்படித் துறைமுகத்தில் மீன் பெட்டி இறக்குகிறார். மகள் ரோஜா காக்கநாட்டில் ஒரு கேண்டீனில் பில் போடுகிறாள், அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள்.

இருபத்தாறு வருஷம் அங்கம்மாள் ஒரு சுக்கு மிளகுக் கிடங்கில் முறம் பிடித்தாள். புடைப்பதற்குத்தான் வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் லாரி வந்தால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மூட்டையைக் குத்தி ஒரு பிடி எடுத்து மோந்து, இந்த மிளகில் பப்பாளி விதை இருக்கிறது, இந்தச் சுக்குக்குக் கந்தகப் புகை காட்டியிருக்கிறார்கள், அந்த மூட்டையின் அடியில் ஈரம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்குமாம். பிறகு கிடங்கில் தரம் பிரிக்கும் மெஷின் வந்தது. பன்னிரண்டு பெண்களை நிறுத்திவிட்டார்கள்.

"கல்லு பொறுக்குறதுல மெஷின் எங்களைவிடக் கெட்டிதான் இத்தா, பொய் சொல்லக் கூடாது. ஆனா அதுக்குச் சளியே பிடிக்காதுங்கிறதுதான் எனக்கு எரிச்சல்" என்பாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனாள். ஐஸ் தண்ணீரில் விரல் வெடித்தது. அது அவளுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இறால் வாடை மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்கு வந்தும் இறங்கவில்லை. சாயா குடித்தாலும் இறால், பவுடர் பூசினாலும் இறால், கோயிலில் சாம்பிராணி போட்டாலும் இறால். "கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஆயிருச்சு" என்றாள். அதனால்தான் இந்த வீட்டு வேலை கிடைத்ததும் ஓடி வந்தாள்.

வீட்டுக்காரர் அனில் சார் கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். தூத்துக்குடியில் ஒன்பது வருஷம் இருந்ததால் தமிழ் பேசுவார், மலையாளம் கலந்த தமிழ். பார்க்கின்சன் நோய் வந்து நான்காவது வருஷம். மனைவி ஸுப்ரியா, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். பிள்ளைகள் இல்லை. அனில் சாருக்கு ஒரே ஒரு பித்து. வீட்டிலேயே பீர் காய்ச்சுவார்.

கேரளத்தில் அனுமதி இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே அவரிடம் சொன்னேன். "சிஸ்டரே, வருஷத்துக்கு மூணு பானை. விக்கிறதில்ல. என் சிநேகிதன் வெங்கிட்டு வருவான், நாங்க ரெண்டு பேரும் குடிப்போம்" என்றார். பானையைத் தொடமாட்டேன், பாட்டிலைக் கழுவமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் மார்க்கத்துக்கும் அது ஆகாது. டாக்டர் அவருக்கு எப்போதாவது ஒரு சின்ன கிளாஸ் அனுமதித்திருந்தார். அதற்குமேல் ஊற்றினால் எடுத்துக் கொட்டுவது என் வேலை.

அங்கம்மாள் வந்த இரண்டாம் வாரம், பாதி மீந்த பாட்டில்களைக் கழுவினாள். அவளும் குடிப்பவள் இல்லை. ஆனால் மோந்து பார்க்காமல் அவளால் எதையும் கொட்ட முடியாது.

"சேச்சி, இது என்ன, மழையில நனைஞ்ச சாக்கு மாதிரி இருக்கு?"

ஸுப்ரியா முன்னறையை எட்டிப் பார்த்தார். "பதுக்க, மெல்லப் பேசு. அவர் காய்ச்சினது."

"கெட்டுப் போனதா?"

"போன மாசம் காய்ச்சினது."

"பின்ன எப்படிக் குடிக்கிறாங்க?"

"வெங்கிட்டு சார் கண்ணை மூடிக் குடிச்சிட்டு 'பிரமாதம் அனிலே' என்பார். நானும் அதைத்தான் சொல்றேன். அஞ்சு வருஷமா இதுதான் நடக்குது. அதுக்கு முன்னால நல்லாத்தான் இருந்துச்சு. கிளாஸை மேசையில வச்சா பக்கத்து அறைக்கு வாசம் வரும்."

"பொய் சொல்லிச் சொல்லி நீங்கதான் கெடுத்து வச்சிருக்கீங்க" என்றாள் அங்கம்மாள். வேலைக்கு வந்து இரண்டே வாரம் ஆனவள். ஸுப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பார்சல் வந்தது. வெங்கிட்டு சார் அனில் சாருடன் கப்பலில் வேலை பார்த்தவர், எர்ணாகுளத்தில் இருக்கிறார். அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்த ஹாப் பூ. பீருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது அந்தப் பூதான். காற்றை உறிஞ்சிச் சுருக்கிய இரண்டு வெள்ளிப் பொட்டலங்கள். ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்கிட்டு சாரே வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் பானை தயாராக வேண்டும்.

அனில் சார் தூக்கத்தில் இருந்தார். ஸுப்ரியா கடைக்குப் போயிருந்தார். சரக்கு வந்தால் ஒரு மூட்டையைக் குத்திப் பார்ப்பது அங்கம்மாளின் இருபத்தாறு வருஷப் பழக்கம். ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். விரல் நுனி அளவில், வெளிர்பச்சைக் காகிதத்தை அடுக்கடுக்காக மடித்துச் செய்ததுபோல் பூக்கள். கசக்கினாள். கையில் மஞ்சளாகப் பிசுபிசு என்று ஒட்டியது. வாசம் ஆளைத் தூக்கியது.

கிடங்கில் ஒட்டுகிற சரக்கு என்றால் காயாத சரக்கு. காயாத சரக்கு மூன்றாம் நாள் பூசணம் பூக்கும். அவள் யோசிக்கவே இல்லை. மொட்டை மாடியைப் பெருக்கி, புதுப் பாயை விரித்து, அத்தனை பூவையும் கை அகலத்துக்குப் பரப்பி, இரண்டு தடவை கிண்டியும் விட்டாள். நல்ல மார்ச் மாத வெயில்.

நான்கு மணி மாத்திரைக்கு எழுந்த அனில் சார், மேசையில் வெறும் வெள்ளிக் காகிதத்தைப் பார்த்தார்.

"அங்கம்மே, இதுல இருந்தது எவிட?"

"மாடியில காயுது சேட்டா. ஈரமா அனுப்பியிருக்காங்க. இப்போ முறுமுறுன்னு ஆயிருச்சு."

அவர் கைத்தடியை எடுக்காமல் எழுந்தார். மூன்று மாதமாக மாடிப்படி ஏறாத மனிதர். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன். பாயருகே குந்தி ஒரு கைப்பிடி அள்ளி மூக்கில் வைத்து இழுத்தார். கை நடுங்கி பாதி கீழே கொட்டியது.

"போச்சு. ஒண்ணுமில்ல. மணமே இல்ல. வெயிலும் காத்தும் படக் கூடாதுன்னுதான அவன் காத்தெடுத்து அடைச்சு அனுப்பியிருக்கான்! இதென்ன சுக்கா?"

அங்கம்மாளும் ஒரு பூவை எடுத்து மோந்தாள். "பாதி இருக்கு சேட்டா."

"எனக்குப் பாடம் எடுக்க வேண்டா!" அவருக்குக் குரல் எழும்பாத நோய். அன்று தெருவுக்கே கேட்டது. "வெங்கிட்டு வர்ற ஞாயிறு வரைக்கும் நில்லு. திங்கள் முதல் வர வேண்டா."

ஸுப்ரியா அன்று இரவு அவரிடம் பேசிப் பார்த்தார். அசையவில்லை. இந்தப் பானையும் உருப்படவில்லை என்றால் சாமான்களை எல்லாம் யாருக்காவது கொடுத்துவிடப்போவதாக வேறு சொன்னார்.

மறுநாள் காலை அங்கம்மாள் வழக்கம்போல வந்தாள். கண்ணைப் பார்த்தால் தூங்கியதாகத் தெரியவில்லை.

"அழகர்கிட்ட சொல்லிட்டேன் இத்தா. அவர் ஷெட்டு மேஸ்திரிகிட்டப் பேசிட்டார். திரும்பவும் இறால்தான்."

"வேற வீடு பார்க்கலாமே."

"முன்னாடியே எத்தனை வீட்டுல கேட்டேன்! நாப்பத்தொம்பது வயசுன்னா யோசிக்கிறாங்க. கையி போனா பரவால்ல. மூக்கு போயிரும்."

"தப்பு உன்னுடையதுதான். கேட்டுவிட்டுப் பிரித்திருக்கலாம்" என்றேன்.

"ஆமா" என்றாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அன்றே காய்ச்சுவதாக ஏற்பாடு. பின்கட்டில் தரையில் கேஸ் அடுப்பு, அதன்மேல் இருபது லிட்டர் ஸ்டீல் பானை. முளைவிட்ட பார்லியை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புத் தண்ணீர் அதில் கொதித்தது. அனில் சார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியால் காட்டிக் காட்டிச் சொல்வார். அங்கம்மாள் கிளறுவாள். நிமிஷம் சொல்வது என் வேலை. மணி பார்ப்பதில் எனக்குத் தடை இல்லை.

கொதி வந்ததும், வெயிலில் காய்ந்த பூவை முழுவதும் போடச் சொன்னார். தூர எறிய மனம் இல்லை, அவ்வளவுதான். ஆவி எழும்பியது. தெருவில் போன ஒருத்தி கேட்டருகே நின்று, "டீச்சரே, இன்னைக்கு என்ன வைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"மணம் வருதா?" என்றார் அனில் சார்.

"வருது சேட்டா. நாரத்தை இலையைக் கசக்கின மாதிரி."

"எனக்கு ஒண்ணும் வரலியே. கொன்னுட்ட நீ. அந்த ரெண்டாவது பாக்கெட்டையும் இப்பவே போடு."

அங்கம்மாள் பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்காமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன்."

"என்னது?"

"திங்கள் முதல் வேண்டாம்னு சொல்லிட்டீங்க, இனி எனக்கு என்ன? வீடெல்லாம் மணக்குது சேட்டா. கேட்டுக்கு வெளியே மணக்குது. எல்லாம் வெளியே போயிட்டா பானையில என்ன மிஞ்சும்? பாயசத்துக்கு ஏலக்காயை அரிசியோடவா வேக வைப்பீங்க?"

"பாயசம் வேற, பீர் வேற."

"மூக்கு ஒண்ணுதானே?"

அனில் சார் அவளைப் பார்த்தார். "கேட்டுக்கு வெளியேவா?" என்று மெல்லக் கேட்டுவிட்டு ஸுப்ரியாவைப் பார்த்தார். ஸுப்ரியா கரண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். பிறகு அனில் சார் என்னைப் பார்த்தார்.

பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குச் சில வருஷம் முன்பே மூக்கு போய்விடுவது உண்டு. பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். நோயாளிக்கே தெரியாமல் மெல்ல மெல்லப் போகும். இந்த வீட்டில் ஒன்றரை வருஷமாக ரத்த அழுத்தம் பார்த்தேன், மலச்சிக்கல் கேட்டேன், தூக்கம் கேட்டேன். மூக்கைக் கேட்கவில்லை. அது என் பிழை.

"கண்ணை மூடுங்க சார்" என்றேன்.

கிராம்பை உடைத்து வைத்தேன். இல்லை என்று தலையாட்டினார். காபிப் பொடி டப்பாவைத் திறந்து வைத்தேன். "ஏதோ இருக்கு" என்றார், நிச்சயமில்லாமல். அங்கம்மாள் யாரையும் கேட்கவில்லை. பரண் அடியிலிருந்து கருவாட்டு ஜாடியை எடுத்துவந்து மூடியைத் திறந்து அவர் மூக்கின் கீழேயே பிடித்தாள். ஸுப்ரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அனில் சார் கண்ணை மூடியபடி பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு கேட்டார்: "எப்ப வைப்பீங்க சிஸ்டரே?"

கண்ணைத் திறந்து ஜாடியைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"முப்பத்தைந்து நிமிஷம்" என்றேன். மணி சொல்வது என் வேலை, பானை கொதித்துக்கொண்டிருந்தது.

காய்ச்சும் நாட்களில் அவர் ஒரு கணக்கு நோட்டில் எல்லாவற்றையும் எழுதுவார். அதை எடுத்துப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். நோயாளியின் சார்ட்டைப் படிக்கிற மாதிரிதான். பத்து வருஷத்துக்கு முன்பு: பூவில் பெரும்பங்கு கடைசி ஐந்து நிமிஷம். அடுத்தடுத்த வருஷம் பதினைந்து நிமிஷம், முப்பது நிமிஷம். கடைசி ஐந்து வருஷமாக எல்லாமே முதல் கொதியில், அளவும் இரட்டிப்பு. இந்த நோயில் ஆவதுபோலவே எழுத்தும் பக்கத்துக்குப் பக்கம் சிறுத்துக்கொண்டே வந்தது. எந்த டாக்டரும் கண்டுபிடிப்பதற்கு முன்பே அந்த நோட்டில் நோய் எழுதப்பட்டிருந்தது. சத்தமாகப் படித்தேன். மழுப்ப நினைக்கவில்லை.

"புத்தகத்துல எல்லாம் கடைசியில போடுன்னுதான் இருக்கு" என்றார் அனில் சார். "எனக்கும் தெரியும். நெடுநேரம் கொதிச்சா கசப்பு இறங்கும், மணம் ஆவியாப் போகும். தெரிஞ்சே… நாக்கு இருந்தது சிஸ்டரே. நாக்குக்குக் கசப்பு மட்டும் கிட்டிச்சு. பூ போரா, போதாது, இன்னும் போடு, இன்னும் வேக வைன்னு நானே செஞ்சிட்டேன்." பிறகு ஸுப்ரியாவிடம், "நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்றது? நீங்க அந்த பாட்டிலைத் திறக்கும்போது உங்க முகத்தைக் கண்ணாடியில பார்த்திருக்கணும்."

நேற்று மாடியில் "மணமே இல்ல" என்று கத்தியது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அங்கம்மாளை நிமிர்ந்து பார்க்காமல், "நேத்து அந்தப் பூவுல நெஜமாவே பாதி இருந்ததா?" என்று கேட்டார்.

"பாதிக்குக் கொஞ்சம் கூட."

"ம்." சிறிது நேரம் கைத்தடியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். "கசப்புக்கு அது மதி, போதும். மீதியை நீ சொல்ற மாதிரி செய்வோம்."

அவருக்குள் இருந்த எஞ்சினியர் மறுபடி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அறுபது நிமிஷத்தில் அடுப்பை அணைக்கச் சொன்னார். தெர்மாமீட்டர் எண்பது டிகிரிக்கு இறங்கும்வரை காத்திருக்கச் சொன்னார். அப்போதுதான் இரண்டாம் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியைப் போட்டு, பானையை இறுக மூடி, விளிம்பில் ஈரத் துணி சுற்றினாள் அங்கம்மாள். மூடியைச் சுற்றி மோந்து வந்தாள்.

"இப்போ வெளியே வரல சேட்டா. உள்ளதான் இருக்கு."

இருபது நிமிஷம் கழித்து ஐஸ் தொட்டியில் பானையை இறக்கி ஆறவைத்தார்கள். மீதிப் பூவைக் காற்றில்லாமல் அழுத்திக் கட்டி ஃப்ரீசரில் வைக்கப் போனார் ஸுப்ரியா. அங்கம்மாள் தடுத்தாள். அங்கே நெய்மீன் இருந்தது. ஸ்டீல் டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிய பிறகுதான் உள்ளே விட்டாள்.

அந்த நனைந்த சாக்கு வாடை எதனால் என்றும் அன்று தெரிந்தது. புளித்த பீரில் காற்றுப் பட்டால் அந்த வாடை வருமாம். கை நடுங்குவதால் அவர் பாட்டிலில் உயரத்திலிருந்து சளசள என்று ஊற்றிவந்திருக்கிறார். இனி ஊற்றுவது அங்கம்மாள், ரப்பர் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு, சத்தமில்லாமல்.

ஈஸ்ட் போட்டு, அடியில் குழாய் வைத்த டிரம்மில் மாற்றி, பழைய ஃப்ரிட்ஜில் புளிக்கவைத்தார்கள். கொச்சி வெக்கையில் வெளியே வைக்க முடியாது. பத்தாம் நாள், கொதிக்கவைத்துக் காயப்போட்ட மெல்லிய மல்லுத் துணிப் பையில் மீதிப் பூவைக் கட்டி அப்படியே பீரில் இறக்கினார்கள். இந்தத் தடவை சூடே இல்லை. பச்சை மணம் மட்டும் இறங்கும் என்றார் அனில் சார். தினமும் குழாயைத் திறந்து ஒரு ஸ்பூன் பிடித்து மோந்து பார்ப்பது அங்கம்மாளின் வேலை. அவள் சொல்வதை அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். எழுத்து புரியவில்லை என்றால் என்னிடம் தருவார்.

மூன்றாம் நாள் காலை, "இப்போ எடுத்துரணும்" என்றாள்.

"புத்தகத்துல அஞ்சு நாள்னு இருக்கு."

"அடியில புல்லு வாடை எட்டிப் பார்க்குது சேட்டா. நாளைக்கு மேல வந்துரும். புத்தகத்துக்கு மூக்கு இருக்கா?"

"எனக்கும்தான் இல்ல" என்றார் அனில் சார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கருவாட்டு ஜாடிக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். பையை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் திங்கள்கிழமை பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னது சொன்னபடி நின்றது. ஸுப்ரியாவிடம் நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். "நான் சொன்னா நான் சொன்னதாத்தான் இருக்கும். அவர் வாயால வரணும்" என்றார். அங்கம்மாளிடம் கேட்டேன்.

"ஞாயிறு வரைன்னார். ஞாயிறு வரட்டும்" என்றாள். "மேஸ்திரி செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கார்." சொல்லிவிட்டு மல்லித்தழையை ஆய்வதற்கு முன் ஒருமுறை மோந்து பார்த்தாள். ஷெட்டுக்குப் போனால் இதெல்லாம் கிடைக்காது என்று கணக்கெடுப்பதுபோல அந்த நாட்களில் எல்லாவற்றையும் மோந்துகொண்டிருந்தாள். என் கைப்பையைக்கூட.

வெங்கிட்டு சார் வந்த ஞாயிறு, வாசலிலேயே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். குண்டு மனிதர், வாய் ஓயாது. நாற்காலியில் உட்கார்ந்ததும் தண்டனைக்குத் தயாராவதுபோல் கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்தார். அங்கம்மாள் பாட்டிலைத் திறந்து, சாய்த்து ஊற்றி, இரண்டு கிளாஸை மேசையில் வைத்துவிட்டுச் சமையல்கட்டுக் கதவருகே நின்றுகொண்டாள். அனில் சாரின் கிளாஸ் சின்னது. நான் அளந்து வைத்தது.

வழக்கமாக வெங்கிட்டு சார் உதட்டில் படுவதற்கு முன்பே "பிரமாதம்" சொல்லிவிடுவார் என்று ஸுப்ரியா சொல்லியிருந்தார். அன்று கிளாஸை முகத்தருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். மோந்தார். கிளாஸைத் தள்ளிவைத்துப் பார்த்தார். மறுபடி மோந்தார். ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய்.

அனில் சாருக்கு இடது கை தொடைமேல் ஆட ஆரம்பித்தது. பதற்றம் வந்தால் நடுக்கம் கூடும். "எந்தாடா? சொல்லித் தொலை."

வெங்கிட்டு சார் கிளாஸைக் கீழே வைத்தார். "அனிலே, ஒரு விஷயம். அடிக்காத. அஞ்சு வருஷமா நான் உங்கிட்டப் பொய் சொல்லிட்டிருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அஞ்சு வாரமா தெரியும். இது எப்படி?"

"இதுக்கு நான் என்ன சொல்றது, பிரமாதத்தை எல்லாம் முன்னாலேயே செலவழிச்சிட்டேனே!" என்றார் வெங்கிட்டு சார். காலிக் கிளாஸை நீட்டினார். "இன்னொண்ணு ஊத்து. பேச்சு அப்புறம்."

அனில் சார் தன் கிளாஸை இரண்டு கையாலும் எடுத்து மூக்கருகே வைத்தார். மூச்சை இழுத்தார். ஒன்றும் வராது என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூக்கு திரும்பாது. அப்படிச் சொல்லித்தான் அவரைப் பழக்கியிருந்தேன். கிளாஸை இறக்கி, கதவுப் பக்கம் திரும்பினார்.

"அங்கம்மே, இங்க வா. இதுல என்னென்ன இருக்கு? ஒண்ணொண்ணாச் சொல்லு."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து அவர் கையிலிருந்தபடியே கிளாஸில் குனிந்தாள்.

"மேல நாரத்தை இலை. கசக்கினது இல்ல, கிள்ளினது. அப்புறம் காம்பு ஒடிச்ச பச்சை மாங்காய், அந்தப் பால் சொட்டுமே, அது. கொஞ்சம் தள்ளி கொய்யாப்பழம், பழுக்க ஒரு நாள் இருக்கு. அடியில…" கண்ணை மூடினாள். "அடியில ரொட்டி. பேக்கரியில இல்ல, பேக்கரிக்கு வெளிய நிக்கும்போது வருமே, அந்த அளவு."

"சாக்கு?"

"சாக்கு இல்ல."

அனில் சார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முடித்த பிறகு ஒரு மடக்குக் குடித்தார். நிதானமாக விழுங்கினார். முகத்தில் எப்போதும் இருக்கும் இறுக்கம் நோயினால் வருவது, அதை அவரால் தளர்த்த முடியாது. ஆனால் கை ஆடுவது நின்றிருந்தது.

"திங்களாழ்ச்ச கொஞ்சம் வெள்ளென வா" என்றார், கிளாஸைப் பார்த்துக்கொண்டே. "அடுத்த பானைக்கு என்ன பூ வாங்கணும்னு பேசணும்."

ஸுப்ரியா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"திங்கள் முடியாது சேட்டா" என்றாள் அங்கம்மாள்.

"ஏன்?"

"நீங்கதான் திங்கள் முதல் வேண்டாம்னீங்க. சும்மாதான இருக்கப்போறேன்னு காக்கநாட்டுக்கு வர்றேன்னு ரோஜாகிட்டச் சொல்லிட்டேன். அவ லீவு போட்டிருக்கா."

வெங்கிட்டு சார் மேசையைத் தட்டிச் சிரித்தார். அனில் சார் அவரை முறைத்துவிட்டு, "செவ்வாய்?" என்றார்.

"செவ்வாய் ஷெட்டு மேஸ்திரி வரச் சொல்லியிருக்கார். வரலைன்னு அழகரை விட்டுச் சொல்லச் சொல்லிட்டு வர்றேன். எட்டு மணிக்கு மேலதான் ஆகும்."

"எட்டரை ஆகட்டும்" என்றார் அனில் சார்.